ஒற்றைக் கண் மோட்டாருக்கு இரட்டைக் கண் வேண்டுமா?



இந்த வாரம் நாம் சம்பளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. கூரை ஒழுகுவதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதே மோட்டார் சைக்கிள், அதன் முகத்தில் இருக்கும் ஒரே ஒரு விளக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். "சங்கத்துக்காரருக்கு மோட்டார் விளக்கில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே நமக்கு ஒரு கூட்டம் இருந்தது. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது ஓர் அம்மா நம்மைத் தனியே கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. பக்கத்தில் அவருடைய மகன், இருபத்து மூன்று வயதுப் பையன், தலையைக் குனிந்தபடி நின்றான்.

"தம்பி, இவனோட மோட்டாருக்கு ரெண்டு லைட்டு மாட்டணும். காருக்கு ரெண்டு கண்ணு இருக்கில்ல, அதே மாதிரி. செலவு என்ன ஆனாலும் பரவாயில்ல. நல்ல பட்டறையா சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

பையன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறான். சாயங்காலம் போனால் விடிவதற்கு முன்தான் திரும்புகிறான். அவன் ஓட்டும் மோட்டார் அப்பா வாங்கிய பழைய ஹோண்டா இஎக்ஸ்5. அந்த மோட்டாரில்தான் அப்பா செத்துப் போனார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது. மறுநடவுக்காகத் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்த பிறகு வேலை குறைந்து, அவர் வெளியே ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போனார். ஒரு நாள் விடியற்காலை வீடு திரும்பும்போது, தோட்டத்துச் செம்மண் சாலை தார்ச்சாலையோடு சேரும் முச்சந்தியில் எதிரே வந்த லோரி குறுக்கே திரும்பியது. லோரிக்காரர் ஓடிப் போகவில்லை. போலீசிடம் உள்ளதைச் சொன்னார்: "ஒரு விளக்கு வர்றதைப் பாத்தேன். தூரத்துல வருதுன்னு நெனச்சேன்."

பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்தார், தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை அம்மாவின் மனத்தில் ஆறு வருடமாகக் குத்திக் கொண்டிருக்கிறது. 'ஒரு விளக்கு' என்றுதானே சொன்னான்? இரண்டு விளக்கு இருந்திருந்தால்? இதுதான் அவர் கேள்வி. இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனையும் மோட்டாரையும் கூட்டிக் கொண்டு கிள்ளானில் நமக்குத் தெரிந்த பட்டறைக்குப் போனோம்.

பட்டறையில் கேட்ட பாடம்

பட்டறைக்கார அண்ணன் முப்பது வருடமாகக் கப்சாய் மோட்டார்களோடு பழகியவர். நாம் விஷயத்தைச் சொன்னதும் அவர் விளக்கை எடுத்துக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஒன் வீட்ல ஒரு படி அரிசி ஆக்குறாங்க. நாலு பேரு சாப்பிடுறீங்க. இன்னும் நாலு பேரு வந்து ஒக்காந்தா சோறு கூடுமா?"

"கூடாதுண்ணே. பங்குதான் கொறையும்."

"அதேதான் இதுவும்."

அவர் சொன்னதை நம் வார்த்தையில் சொல்கிறோம். மோட்டாருக்குள் மின்சாரம் தயாரிக்க ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. இஞ்சின் சுற்றினால் காந்தம் சுற்றும். காந்தம் சுற்றினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பழைய கப்சாய்கள் பலவற்றில் முன்விளக்கு பாட்டரியிலிருந்து எரிவதில்லை. நேரே அந்தச் சுருளிலிருந்துதான் எரிகிறது. அதனால்தான் இஞ்சினை நிறுத்தினால் விளக்கும் அணைகிறது. மெதுவாக ஓடினால் மங்குகிறது. முறுக்கினால் பளிச்சென்று ஆகிறது.

அந்தச் சுருளை அளந்து செய்திருக்கிறார்கள். ஒரு முன்விளக்கு, ஒரு பின்விளக்கு, மீட்டர் விளக்கு, இவ்வளவுக்குத்தான் அதனிடம் சரக்கு உண்டு. அதே கம்பியில் இன்னொரு பெரிய பல்பைச் சேர்த்தால் இரண்டும் அழும். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சமும் பத்துதான் குறையும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கம்பி பல்பில் ஏறத்தாழ முப்பது பங்கு வெளிச்சம் போய்விடும். நூற்றுக்கு இருபது குறைந்தால் வெளிச்சம் பாதிக்கு வந்துவிடும். ஆகவே, பழைய மோட்டாரில் அப்படியே இரண்டாவது விளக்கை மாட்டுகிறவன், காசு கொடுத்து இருட்டை வாங்குகிறான்.

ஹோண்டா சி70 போன்ற ஆறு வோல்ட் மோட்டாரை இன்னும் பாசத்தோடு வைத்திருக்கும் பெரியவர்கள் சில தோட்டங்களில் உண்டு. அவர்களுக்கு இது தெரிந்த கதை. முன்விளக்கு பல்பு பட்டென்று போனால், அடுத்த நிமிடம் பின்விளக்கும் போகும். ஏன்? முன்விளக்கு தின்ன வேண்டிய மின்சாரமும் சேர்ந்து சின்னப் பல்பின் தலையில் விழுகிறது. அது தாங்காமல் வெடிக்கிறது. கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. அவ்வளவு இறுக்கமான கணக்கு அது.

"அப்படின்னா பாட்டரியிலேருந்து எடுக்கலாமே?" என்று பையன் விடவில்லை.

"எடுக்கலாம். கணக்குப் பாரு" என்றார் அண்ணன். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் முப்பத்தைந்து வாட் பல்பு எரிந்தால் ஏறத்தாழ மூன்று ஆம்பியர் இழுக்கும். கப்சாய் பாட்டரியோ சின்னது. ஓட ஓட அதில் ஏறும் மின்சாரமும் கொஞ்சம்தான். வரவு ஒன்று, செலவு மூன்று என்றால் எந்த வீடு நிற்கும்? ஷா ஆலம் போய்ச் சேருவதற்குள் ஹாரனும் சிக்னலும் மயங்கிப் போகும்.

பிறகு அவர் பழைய விளக்கையே கழற்றினார். அங்கேதான் நமக்குக் கண் திறந்தது. கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பூச்சு உரிந்து, துருப்பிடித்துக் கிடந்தது. எர்த் கம்பியின் முனையில் பச்சையாகக் களிம்பு. ஹாண்டிலில் உள்ள சுவிட்சுக்குள் கரி. மீட்டரை வைத்து அளந்தார். புறப்படும் இடத்தில் பதின்மூன்று வோல்ட். பல்புக்கு வந்து சேர்ந்தது பத்தரை.

"பாத்தியா தம்பி? பாதி வெளிச்சத்த வழியிலேயே திருடிட்டாங்க. ஒனக்கு ரெண்டு லைட்டு வேணாம். ஏற்கெனவே ஒரு லைட்டுல பாதிதான் எரியுது. மொதல்ல அதை முழுசா எரிய வை."

நம் சம்பளச் சீட்டைப் பார்ப்பது போல இருந்தது நமக்கு!

பார்ப்பதற்கா, பார்க்கப்படுவதற்கா?

தோழர்களே, மோட்டார் விளக்குக்கு இரண்டு வேலை. ஒன்று, நாம் வழியைப் பார்ப்பது. மற்றொன்று, பிறர் நம்மைப் பார்ப்பது. தோட்டத்துச் சாலையில் முதல் வேலை பெரிது. குழி, பாம்பு, விழுந்து கிடக்கும் செம்பனை மட்டை, குறுக்கே படுத்திருக்கும் மாடு, எல்லாம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டாவது வேலைதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

இதை நம் நாடு சோதித்தே பார்த்திருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட வேண்டும் என்ற விதி மலேசியாவில் 1992-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அப்போது எத்தனை பேர் கேலி பேசினார்கள்! "பட்டப்பகல்ல விளக்கா? சூரியனுக்கே டார்ச் அடிக்கிறதா?" என்று காப்பிக் கடைகளில் சிரித்தார்கள். சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த விபத்துகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் கணக்குப் பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். மோட்டாரைக் கவனிக்காததால் நேரும் விபத்துகள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 குறைந்ததாக அந்த ஆய்வு சொல்லியது. ஒரு சுவிட்சைத் தட்டியதால் வந்த பலன் அது. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமானபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். இன்று அது இல்லாமல் பிள்ளையை அனுப்பத் தாய்க்கு மனம் வருமா?

சரி, ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்த லோரிக்காரரின் வார்த்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். இருட்டில் வரும் ஒரே ஒரு விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மனிதக் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. காருக்கு இரண்டு விளக்கு. நெருங்க நெருங்க இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரியும். அந்த விரிவை வைத்துத்தான் நம் மூளை வேகத்தை எடை போடுகிறது. ஒற்றை விளக்கில் அந்த விரிவு கிடையாது. இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் இதைச் சோதித்தார்கள். இருட்ட இருட்ட ஒற்றை விளக்கு மோட்டாரின் வேகத்தை மதிப்பிடுவதில் மக்கள் அதிகம் தடுமாறினார்கள். முக்கோணமாக மூன்று விளக்கு வைத்துக் காட்டியபோது மதிப்பு மேம்பட்டது.

ஆகவே அந்த அம்மாவின் மனக்கணக்கு தப்பில்லை. படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதை உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் துக்கத்தில் கண்டிருக்கிறார். ஆனால் விளக்குகள் இருக்கும் விதம் முக்கியம். பக்கத்தில் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில், ஒரே மாதிரி இரண்டு விளக்கை ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? வெகு தூரத்தில் வரும் கார் மாதிரியே இருக்கும்! எதிரே திரும்ப நிற்கும் லோரிக்காரன், "கார் இன்னும் தூரத்துல இருக்கு" என்று நினைத்து வண்டியை விடுவான். எதிலிருந்து தப்ப நினைத்தோமோ அதே பள்ளத்தில் போய் விழுவோம். விளக்கைக் கையில் பிடித்துக் கொண்டு கிணற்றில் விழுந்த கதைதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு இரவு

இன்னொரு தப்பும் நடக்கிறது. கடையில் கிடைக்கும் நீலம் கலந்த வெள்ளை விளக்கை வாங்கி மாட்டி, ஊரையே பகலாக்கிக் கொண்டு பறக்கிறார்கள் நம் பிள்ளைகள். போன மாதம் ஒரு வேலையாகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். ரயில்வேத் தொழிலாளிகள் வாழ்ந்து வளர்ந்த இடம் அது. இரவு எட்டு மணி. அப்படி ஒரு மோட்டார் எதிரே வந்தது. இரண்டு விநாடி நமக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் தெளிந்து பார்த்தால், சாலையைக் கடக்க ஒருவர் வெள்ளைக் கோலோடு ஓரத்தில் நிற்கிறார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டை அது. கண் தெரியாதவர்கள் தினமும் நடக்கும் சாலை. நம் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அவர்களுக்கு அது தெரியாது. நாம்தான் அவர்களைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நம் கண்ணையும் ஒருவன் விளக்கால் குருடாக்கிவிட்டுப் போகிறான்!

இப்படிப்பட்ட அளவு மீறிய விளக்குகளின் மீது ஜே.பி.ஜே. நடவடிக்கை எடுத்து வருகிறது. வண்டியோடு வந்ததை மாற்றுவதற்கும் புதிதாகச் சேர்ப்பதற்கும் சட்டம் உண்டு. பட்டறைக்காரர் "பரவாயில்ல, எல்லாரும் மாட்டுறாங்க" என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். சம்மன் உங்கள் பெயரில்தான் வரும், பட்டறையின் பெயரில் வராது. மாட்டுவதற்கு முன்பே ஜே.பி.ஜே. முகப்பிடத்தில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நம் மொழி தெரிந்தவர் அங்கே இல்லையென்றால் மலாய் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கேட்பதற்குக் காசில்லை.

மாட்டத்தான் வேண்டும் என்பவர்களுக்கு

அனுமதி உண்டு என்று தெரிந்த பிறகு, மாட்டியே தீர வேண்டும் என்பவர்கள் பட்டறையில் நின்று இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பழைய விளக்கைச் சீராக்காமல் புதிய விளக்கை வாங்காதீர்கள். கண்ணாடி, உள்பூச்சு, எர்த் கம்பி, சுவிட்சு, பல்பு என்ற வரிசையில் பாருங்கள். பல்பின் உலோக அடியில் வோல்ட், வாட் எழுதியிருக்கும். வண்டிக்குச் சொன்ன அளவு எதுவோ அதுவே போடுங்கள். அதிக வாட் போட்டால் சுருளும் திணறும், விளக்குக் கூடும் உருகும்.

இரண்டாவது, புதிய விளக்கு குறைந்த மின்சாரம் தின்பதாக இருக்கட்டும். எட்டு, பத்து வாட் எல்.இ.டி. விளக்கு பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் அதைச் சுருளிலிருந்து வரும் கம்பியில் நேரே கொடுத்தால் சிமிட்டும், ஆயுசும் குறையும். அதைப் பாட்டரிப் பக்கத்திலிருந்து, சாவியைத் திருப்பினால் மட்டும் எரியும்படி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் எரிந்து, காலையில் வண்டி உயிரில்லாமல் நிற்கும். ஆறு வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் விளக்கு ஆகவே ஆகாது.

மூன்றாவது, பியூஸ். இது இல்லாமல் மாட்டும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்துவிடுங்கள். பாட்டரிக்குப் பக்கத்திலேயே அளவான பியூஸ் இருக்க வேண்டும். ஹாண்டில் திரும்பத் திரும்பக் கம்பி உரசி, தோல் கிழிந்து, இரும்பில் பட்டால் தீப்பொறி. பெட்ரோலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பெரிய வண்டிகளில், சுருளுக்குத் தெம்பு இருந்து, இரண்டு பெரிய விளக்கு போடுவதானால் ரிலே வைத்துத்தான் போட வேண்டும். அப்போது கனத்த மின்சாரம் தடித்த கம்பியில் போகும். ஹாண்டில் சுவிட்சு கருகாது.

நான்காவது, இடம். முன்விளக்கை ஒட்டி இரட்டைப் பிள்ளை மாதிரி வைக்காமல், அதற்குக் கீழே தாழ்த்தி வையுங்கள். நிறம் வெள்ளையோ மஞ்சளோ இருக்கட்டும். சிவப்பும் நீலமும் நமக்கு வேண்டாம்.

ஐந்தாவது, குறி. வண்டியைச் சுவருக்கு எதிரே ஐந்து எட்டு தள்ளி நிறுத்துங்கள். ஓட்டுகிறவரே ஏறி உட்கார வேண்டும். விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள். தாழ் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே போனால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்கை மாட்டினால் ஒளி எதிரே வருகிறவன் பக்கமாகச் சாயும். வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக, வேகம். எந்த விளக்குக்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ பதினேழு மீட்டர் ஓடுகிறோம். தடையைக் கண்டு, பிரேக் பிடித்து, காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும். நாற்பதில் போனால் முப்பது மீட்டருக்குள் நின்றுவிடலாம். உங்கள் விளக்கு முப்பது மீட்டர்தான் காட்டுகிறது என்றால் நாற்பதுக்கு மேல் போகிற ஒவ்வொரு நொடியும் கண்ணைக் கட்டிக் கொண்டு ஓடுவதுதான். மழையில் நனைந்த செம்மண்ணில் இன்னும் குறைக்க வேண்டும். இந்த மருந்துக்குக் காசு கிடையாது.

சட்டையைத் திருப்பிப் போட்டு ஓட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. மின்னும் பட்டை முதுகில் மட்டும் இருக்கும் சட்டையைத் திருப்பிப் போட்டால் பின்னால் வருகிற லோரிக்கு நீங்கள் வெறும் இருட்டு. முன்னும் பின்னும் பட்டை வைத்துத் தைத்துக் கொள்ளுங்கள்.

நமக்கு மோட்டார் ஆடம்பரமில்லை

பழைய வரலாறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் போன்றோர் முன் நின்றார்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் என்று பல கோரிக்கைகள். அவற்றில் ஒன்றைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர காலம் போட்டு, துப்பாக்கிச் சூடு நடத்தி, உயிர்களையும் பறித்துத்தான் அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து போகும் உரிமைக்கே அவ்வளவு விலை.

பிறகு காலம் மாறியது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம் எழுந்தது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாகியது. தோட்டங்கள் நகரமாயின, வேலை தொழிற்சாலைக்குப் போனது, நம் பிள்ளைகள் மோட்டாரில் அதன் பின்னே போனார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்றே தனிப் பாதை 1970-களின் தொடக்கத்தில் உலக வங்கியின் உதவியோடு போடப்பட்டது. பெருமைதான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரை இருக்கும் இருட்டுக்கு யார் பொறுப்பு? இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேர் மலேசியச் சாலைகளில் சாகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் யார்? காரில் போக வசதி இல்லாதவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் வழக்கமான வழியில் போயிருக்க வேண்டும். இடையில் சொந்த வேலைக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். போலீஸ் புகார், மருத்துவச் சீட்டு, வேலை நேரத்துக்கான அத்தாட்சி இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளியிடம் உடனே சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு இன்று சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதென்றால், கணவர் போன அன்றே தோட்டத்து நண்பர்கள் ஓடி இந்தக் காகிதங்களைச் சேர்த்ததுதான் காரணம்.

இரண்டாவது விளக்கு எங்கே?

அன்று சாயங்காலம் பட்டறையில் வேலை முடிந்தது. புதிய கண்ணாடிக் கூடு, அளவான பல்பு, புதுக் கம்பி, சுத்தம் செய்த சுவிட்சு. எல்லாம் சேர்த்து எழுபது வெள்ளிக்குள் முடிந்தது. மீட்டரில் இப்போது பல்புக்குப் பன்னிரண்டரை வோல்ட். இருட்டும் வரை காத்திருந்து விளக்கைப் போட்டுப் பார்த்தோம். பையன் வாய் பிளந்தான். "அண்ணே, இது நம்ம வண்டிதானா?" என்றான்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வந்து பார்த்தார். முகம் வாடியது. "ரெண்டாவது லைட்டு எங்க தம்பி?"

நாம் அவரை அந்த முச்சந்திக்கே கூட்டிப் போனோம். கும்மிருட்டு. ஓரத்தில் ஆளுயரத்துக்கு லாலான் புல். தார்ச்சாலையில் வருகிறவனுக்குச் செம்மண் சாலை இருப்பதே தெரியாது. கம்பமும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை.

"ரெண்டாவது லைட்டு இங்கதாம்மா மாட்டணும்" என்றோம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வெகு நேரம் அந்த இடத்தையே பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு, "அதுக்கு யார்கிட்ட கேக்கணும்?" என்றார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்!

அடுத்த ஞாயிறு தோட்டத்து மக்கள் கூடினார்கள். முதலில் கேட்காமலே செய்யக் கூடியதைச் செய்தோம். ஆண்களும் பெண்களும் அரிவாளோடு வந்து புல்லை வெட்டினார்கள். இரண்டு பக்கமும் சாலை தெரிந்தது. பிறகு மூன்று கடிதம் எழுதினோம். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று ஊராட்சி மன்றத்துக்கு, ஒன்று பொதுப்பணி இலாகாவுக்கு. ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் 'எங்கள் எல்லை இல்லை' என்று அடுத்தவரைக் காட்டுவார்கள். மூன்று பேரிடமும் கொடுத்து, மூன்றிலும் முத்திரை வாங்கி நகலை வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது. கை நடுங்கிற்று, ஆனாலும் தமிழில் முழுப் பெயரையும் எழுதினார்.

கம்பம் இன்னும் வரவில்லை. வரும் வரை விடப் போவதும் இல்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். விடியக் காலை ஐந்தரை மணி. அவர் தினமும் அந்த நேரத்தில் நிற்பாராம். தூரத்து வளைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அவன்தான். ஒத்த லைட்டுதான். ஆனா முன்னயெல்லாம் கிட்ட வந்தாத்தான் தெரியும். இப்ப வளைவுலயே தெரியுது" என்று சொல்லிவிட்டு, தேநீர் போட உள்ளே போனார்.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். இருட்டிய பிறகு உங்கள் வரிசையில் உள்ள மோட்டார்களையெல்லாம் வெளியே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை மங்கல், எத்தனை பின்விளக்கு எரியவில்லை என்று எண்ணுங்கள். அதன் பிறகு உங்கள் தோட்டத்து முச்சந்திக்குப் போய் நின்று பாருங்கள். வண்டியில் உள்ள குறையை நாமே தீர்ப்போம். முச்சந்தியில் உள்ள குறைக்கு ஒன்றாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.